சிவப்புக் கயிறு எட்டாத இடுப்பு

“மூச்ச விடுங்கண்ணே.”

குணா அண்ணன் மூச்சை விட்டார்.

“இன்னும் விடுங்க.”

“இதுக்கு மேல விட்டா திரும்பி வராது கோச்.”

தீபாவளி முடிந்து ஒரு வாரம் இருக்கும். புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டுப் போர்ச்சில், காலை ஆறரை மணிக்கு, நான் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு சிவப்பு ராஃபியா கயிற்றை அவர் இடுப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தேன். கயிற்றின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தன, தொடவில்லை. நடுவில் இருந்த இடத்தில் என் விரல்களைப் படுக்க வைத்துப் பார்த்தேன். ஏழு விரல் படுத்தது.

“இப்ப பாருங்க,” என்று அதே கயிற்றை என் இடுப்பில் சுற்றிக் காட்டினேன். இரண்டு முனையும் சேர்ந்து, முடிச்சுப் போடவும் மிச்சம் இருந்தது. கொஞ்சம் கர்வத்தோடு பூ முடிச்சே போட்டேன். அந்தப் பூ முடிச்சை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கயிறு குணா அண்ணனின் காவடியிலிருந்து எடுத்த அளவு. காவடியின் இடுப்புப் பட்டை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி அறையில் இருந்தது. அதைத் தினமும் வெளியே எடுக்க முடியாது. அதனால் பட்டையின் கடைசி ஓட்டை வரைக்கும் கயிறு பிடித்து வெட்டி வைத்துக்கொண்டோம்.

“பேசாம புதுப் பட்டை ஒண்ணு வாங்கிடலாமே,” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கொஞ்சம் சிறுத்துப்போனேன்.

மகளுக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டாராம். இதே காவடியை, ஒரு ஆணி மாற்றாமல், மூன்று தைப்பூசம் எடுக்கிறேன் என்று. மகள் பிழைத்துவிட்டாள். இரண்டு வருஷம் எடுத்தார். மூன்றாவது வருஷம் கொரோனா வந்தது. நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம், குணா அண்ணன் சமையலறைக்குள் இருந்தார். கதவு திறந்து வெளியே வந்தபோது பட்டை சேரவில்லை. அதிலிருந்து வருஷா வருஷம் தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நின்று மற்றவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு ஆணிகூட மாத்தாமன்னு ஏண்ணே வேண்டுனீங்க?”

“அப்ப நான் ஒல்லியா இருந்தேன் கோச்.”

அவங்களுக்கு நடக்கத் தெரியாதா?

போன வாரம் இந்தப் பத்தியை, ரவாங் கிளவுஸ் ஃபேக்டரியில் எனக்குக் கேக் வெட்டி அனுப்பி வைத்ததோடு நிறுத்தியிருந்தேன். பத்தொன்பது வருஷ சூப்பர்வைசர் வேலை. அதை விட்டுவிட்டு பெர்சனல் டிரெய்னர் ஆகப்போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி ரோசி கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“ஏங்க, பணம் குடுத்து ஒங்க பின்னாடி நடந்து வர்றாங்கன்னா, அவங்களுக்குத் தனியா நடக்கத் தெரியாதா?”

எனக்கும் ஒருகாலத்தில் நல்ல தொப்பை இருந்தது. கிளினிக் டாக்டர் ஒரு நாள் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, தர்பூசணி வாங்குகிறவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். பயந்துபோய் பாடாங் திடலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். என்னைப் பார்த்து ஷிப்ட் ஆட்கள் நாலு பேர் நடந்தார்கள். ஒருத்தர் தன் பழைய கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். பத்தொன்பது வருஷத்தில் எந்தக் கையுறையும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தரவில்லை.

கிள்ளானுக்குப் போய் வார இறுதி வகுப்புகளில் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். கண்ணாடி போட்டு, ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். ரோசி அதைக் கழற்றி ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினாள். பார்க்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும் என்றாள்.

எங்கள் ஊரில் இந்தத் தொழிலை விளக்குவது லேசில்லை. நாள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டி லோரியில் ஏற்றுகிறவனிடம் போய் உடம்பை அசைக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? என் அப்பா உர மூட்டை தூக்கினார். அவரிடம் யாரும் கை தட்டி, “இன்னும் ரெண்டு, ஒங்களால முடியும்” என்று சொன்னதில்லை. வேலை வாங்கிய மண்டோர் சொன்ன வார்த்தைகள் வேறு, அவற்றைப் பத்திரிகையில் எழுத முடியாது.

போர்ச்சில் நான் வாங்கி வைத்த கெட்டில்பெல் இரும்புக் குண்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் போனார். ஆர்வமாக இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர் வீட்டுக் கேட் காற்றில் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார். நல்ல கனம் என்று பாராட்டினார்.

இரண்டு ஆசிரியைகள் வகுப்பில் சேர்ந்தார்கள். ஒரு வாரத்தில் பள்ளியில் தேர்வு வந்தது, அந்தத் தேர்வு இன்று வரை முடியவில்லை. மிஞ்சியது குணா அண்ணன் ஒருத்தர்தான்.

ஃபேக்டரி மேனேஜர் நல்ல மனுஷன். “சூசை, தைப்பூசம் வரைக்கும் ஒங்க எடத்துல ஆள் போட மாட்டேன். அதுக்கப்புறம் என்னால முடியாது லா,” என்று சொல்லியிருந்தார். ரோசியும் நானும் பேசி முடிவெடுத்தோம். குணா அண்ணனின் பட்டை சேர்ந்தால் ஊருக்கே தெரியும், நாலு பேர் வருவார்கள். சேராவிட்டால் மறுநாளே நான் ரவாங்குக்குப் பஸ் ஏற வேண்டும்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பழைய நாற்காலியில் போய் உட்காருவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வெட்டிய கேக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் நாகரிகமாக இருந்துவிடுவார்கள், அதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காதைப் பிடிக்காமல் வராது

குணா அண்ணன் சோம்பேறி இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். காலை ஆறரைக்கு என் போர்ச்சில் நிற்பார். என்ன சொன்னாலும் செய்வார், அவர் வழியில் செய்வார்.

ஸ்குவாட் சொல்லிக் கொடுத்தேன். “இது தோப்புக்கரணந்தான கோச், புள்ளையார் முன்னாடி முப்பது வருசமா போடுறேன்,” என்று இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு சரசரவென்று உட்கார்ந்து எழுந்தார். கையை முன்னால் நீட்டுங்கள் என்றேன். நீட்டினார், உடனே பின்பக்கமாகச் சாய்ந்து பூச்சட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். காதைப் பிடித்தால்தான் அவருக்கு நிதானம் வரும். நானும் விட்டுவிட்டேன். இறங்கும்போதும் ஏறும்போதும் நான் இங்கிலீஷில் எண்ண, அவர் காதைப் பிடித்தபடி வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிட, அந்தத் தெருவில் போனவர்கள் எல்லாரும் இவர் எனக்கு என்ன குற்றம் செய்தார் என்று யோசித்திருப்பார்கள்.

ஆனால் கயிறு பொய் சொல்லவில்லை. ஏழு விரல் ஆறானது. ஐந்தானது. மார்கழி பிறந்தபோது மூன்று விரல்தான் பாக்கி.

அப்போதுதான் அவர் சொன்னார்: “கோச், நாளையிலேருந்து வெரதம். நாப்பத்தெட்டு நாளு. சைவம். ஒருவேளச் சாப்பாடுதான்.”

எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

எங்கள் வீட்டு விரதம்

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள். எனக்குத் தெரிந்த விரதம் தவக்காலம் மட்டும்தான்.

அம்மா இருந்தவரை தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். துவையல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அடுத்த வெள்ளி அதில் காரத்தைக் குறைத்துவிடுவார். பெரிய வெள்ளியன்று மாலை மூன்று மணி வரை தண்ணீர் மட்டும். ஒரு வருஷம் என் அண்ணன் சர்ச்சில் மயங்கி விழுந்தான். அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. எனக்கு அவன்மேல் இன்னும் பொறாமை உண்டு.

ஆக, என்னைப் பொறுத்தவரை விரதம் என்றால் பசி. நாற்பது நாள் கஞ்சிக்கே நாங்கள் ஈர்க்குச்சி ஆனோம், நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மூன்று விரல் எம்மாத்திரம்? குணா அண்ணனுக்காக நான் எழுதி வைத்திருந்த சாப்பாட்டு அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில் ஒரே வார்த்தை எழுதினேன்: விரதம்.

இரண்டு வாரம் கழித்துக் கயிற்றைச் சுற்றினேன். நாலு விரல்.

மறுபடியும் சுற்றினேன். நாலேதான்.

“மழையில நனைஞ்சு கயிறு சுருங்கியிருக்கும்ணே,” என்றேன்.

“ராஃபியா பிளாஸ்டிக் கோச்.”

“ஒருவேளதான் சாப்பிடுறீங்களா?”

“முருகன் மேல ஆணையா ஒருவேளதான்.”

முருகனை இழுத்த பிறகு சந்தேகப்பட முடியாது. ஆனாலும் மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுக்கே போனேன்.

எழுந்தால்தானே முடியும்

பன்னிரண்டரைக்கு குணா அண்ணன் குளித்து, விபூதி பூசி, மஞ்சள் வேட்டியோடு இலை முன்னால் உட்கார்ந்தார். அவர் மனைவி தனம் அக்கா பரிமாறினார்.

சோறு. சாம்பார். உருளைக்கிழங்குப் பிரட்டல். சைவ மட்டன். கத்தரிக்காய். ஐந்து அப்பளம். ரசத்துக்கு மறுபடியும் சோறு, மோருக்கு மறுபடியும் சோறு. ஒருவேளைதான் சாப்பிடுகிறார் என்று தனம் அக்கா பரிதாபப்பட்டுப் போட்டது பாயசம்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்போது கேட் திறந்தது. எதிர் வீட்டு அம்மா புளிசாதத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் மூலை வீட்டிலிருந்து கேசரி. அதற்குப் பின்னால் யாரோ வடை. காவடி எடுக்கிறவருக்கு ஒரு கை சோறு கொடுத்தால் புண்ணியம் என்று அந்தத் தாமானில் இருக்கிற வீடெல்லாம் வரிசையில் நின்றது. கொடுத்தவர்கள் போகவும் இல்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டுமே. அவர் சாப்பிட்டுப் பாத்திரம் காலியாகும்வரை சோபாவில் உட்கார்ந்து அவர் வாயையே அன்போடு பார்த்தார்கள்.

குணா அண்ணன் இலையை விட்டு அசையவில்லை. எழுந்தபோது மணி இரண்டேகால்.

“என்னண்ணே இது, ஒருவேளன்னீங்க?”

“ஒருவேளதான் கோச். எந்திரிச்சாத்தான முடிஞ்சதாக் கணக்கு? அதான் நான் எந்திரிக்கல.”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லக் கூடாதா என்று கேட்டேன். தனம் அக்கா பதறிப்போனார்.

“வெரதக்காரரு வேணாம்னு சொன்னா கொண்டாந்தவங்க மனசு என்ன பாடுபடும் தம்பி? சாமிக் குத்தமாப் போயிரும்.”

“அப்ப பட்டை சேராதுக்கா. இந்த வருசமும் மோர்தான்.”

அந்த ஒரு வார்த்தை அவர் முகத்தை மாற்றியது. பந்தலில் நின்று மோர் ஊற்றும்போது தெரிந்தவர்கள் வந்தால் அண்ணன் குனிந்து வாளியைத் தேடுவாராம். அக்கா அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார். குணா அண்ணன் தரையைப் பார்த்தார்.

பிறகு தனம் அக்கா தீர்ப்புச் சொன்னார். “குடுக்குறதுலதான் புண்ணியம். வெரதக்காரரு கையில வாங்கி ஒரு வாய் வச்சாப் போதும். மிச்சத்த யாரு சாப்பிட்டாலும் சாமி ஏத்துக்கும்.”

“நல்லதுக்கா. நீங்க சாப்பிடுங்க.”

“நானும் வெரதம் தம்பி. எனக்கும் கொண்டாருவாங்க.”

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

கோச் சாப்பிடுவார்

மறுநாளிலிருந்து மத்தியானம் பன்னிரண்டரைக்கு எனக்கும் ஓர் இலை விழுந்தது. குணா அண்ணன் ஒவ்வொரு பாத்திரத்தையும் கண்ணில் ஒற்றி, ஒரு வாய் எடுத்து, “மிச்சம் கோச்சுக்கு” என்று என் பக்கம் தள்ளுவார். கொண்டுவந்த அம்மாக்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு நான் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து அவர்களுக்கே என்மேல் பாசம் வந்துவிட்டது. இரண்டாவது வாரம் எனக்கென்றே தனியாக வடை வந்தது.

குணா அண்ணனின் பங்கு, தனம் அக்காவின் பங்கு, என் பங்கு. மாலையில் ஒரு மணி நேரம் ஓடினேன். கேசரி ஓடவில்லை, அங்கேயே இருந்தது.

ரோசியிடம் சொல்லவில்லை. சொல்லாததால் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டையும் வழக்கம்போல் சாப்பிட வேண்டியிருந்தது. ஒரு நாள் கால்சட்டைப் பொத்தானோடு நான் போராடுவதைக் கதவோரம் நின்று பார்த்தாள்.

“ஏங்க, டிரெய்னிங் ஒங்களுக்கா அவருக்கா?”

“அவருக்குத்தான்.”

“கொறையிறாரா?”

“நல்லாக் கொறையிறாரு.”

“அது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியுது.”

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தைப்பூசம் முடிந்ததும் தவக்காலம் வருகிறது, இந்த வருஷம் நம் குடும்பத்தில் அது உங்களுக்குத்தான் ரொம்பத் தேவை என்றாள்.

ஆனால் கயிறு இறங்கியது. மூன்று. இரண்டு. ஒன்று. கடைசி வாரம் அரை விரலில் வந்து நின்றது. காதைப் பிடித்து இருநூறு போட்டார், நகரவில்லை. தாமானைச் சுற்றி நடந்தோம், நகரவில்லை. தைப்பூசத்துக்கு முதல் நாளும் அரை விரல்.

கூடாரத்துக்குள் ஒரு சத்தம்

தைப்பூசத்தன்று காலை ஏழு மணி. கோயிலுக்குப் பின்னால் கூடாரத்தில் குணா அண்ணன் ஈர வேட்டியோடு நின்றார். உறுமிக்காரர்கள் மேளத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் காவடியைத் தூக்கி அவர் தோளில் வைத்தார்கள். தனம் அக்கா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். ரோசியும் வந்து ஓரமாக நின்றாள்.

நான் முட்டி போட்டுப் பட்டையின் இரண்டு முனையையும் பிடித்தேன். அரை விரல் இடம் தெரிந்தது. அந்த இடைவெளியில் எனக்கு ரவாங் பஸ் தெரிந்தது.

“மூச்ச விடுங்கண்ணே.”

அவர் கண்ணை மூடினார். விட்டார். நான் இழுத்தேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக இன்னும் விடுங்கள் என்று நான் சொல்வதற்கு முன்னால் அவராகவே இன்னும் விட்டார். உள்ளே இருந்த எல்லாம் வெளியே போகிற மாதிரி நீளமாக, “முருகா” என்று விட்டார். கொக்கி கடைசி ஓட்டைக்குள் இறங்கியது.

நான் பெருமூச்சு விட்ட அதே நொடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

மேளம் நின்றது. குணா அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது.

“அத்துப்போச்சா கோச்?”

நான் பட்டையைத் தடவினேன். தையல் தடவினேன், கொக்கி தடவினேன். எல்லாம் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது உறுமிக்காரர் குனிந்து, தன் காலடியிலிருந்து எதையோ பொறுக்கி, என்னிடம் மரியாதையாக நீட்டினார்.

“இது ஒங்களோடதா அண்ணே?”

என் கால்சட்டைப் பொத்தான்.

கூடாரமே சிரித்தது. குணா அண்ணன் சிரித்தால் பட்டை போய்விடும் என்று அவர் வாயைத் தனம் அக்கா பொத்தினார். பிறகு மேளம் ஏறியது, அவர் நடந்தார். ஒரு கையால் கால்சட்டையையும் ஒரு கையால் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்ப் பந்தலைத் தாண்டும்போது அவர் குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு ஆடிப் போனார். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் மகன் பிறந்த அன்றைக்கு அழுதபோதும் இப்படித்தான் மூக்கு ஒழுகியது.

வாடிக்கையாளர்கள் வந்த கதை

காவடி இறங்கியதும் குணா அண்ணனைச் சுற்றிக் கூட்டம். எப்படிக் குறைத்தீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். “எல்லாம் நம்ம கோச்சுதான்,” என்று அவர் என்னைக் காட்டினார். கூட்டம் என் பக்கம் திரும்பியது, என் வயிற்றில் வந்து நின்றது, மறுபடியும் அவர் பக்கமே திரும்பிப் போனது.

அன்னதான வரிசையில் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறவர்களாம். மூவருக்கும் நல்ல சுற்றளவு. கால்சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“கோச், எங்களுக்கு டிரெய்னிங்லாம் வேணாம்,” என்றார் மூத்தவர். “நாங்களே நடந்துக்குவோம். வெரதத்துல பக்கத்துல ஒக்காந்து சாப்பிட ஒரு ஆளு வேணும். நீங்க நல்லாச் செய்றீங்கன்னு சொன்னாங்க.”

ரோசி சாம்பார் வாளிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

நான் அங்கேயே பேரம் பேசினேன். காலை ஆறரைக்குப் பயிற்சிக்கு வந்தால் மத்தியானம் ஒரு பாத்திரத்துக்கு நான் பொறுப்பு. ஒன்றுதான். கேசரி கிடையாது. மூவரும் ஒதுங்கிப் போய் ஆலோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டேன். என் இடத்தில் ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

“அப்ப தொழில் ஓகேவா சூசை?”

“சாப்பாட்டுக்குக் குறையில்ல சார்,” என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் போர்ச்சில் யாரோ நிற்கிற சத்தம். குணா அண்ணன். வேண்டுதல் முடிந்துவிட்டது, இனி வர மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பாக்கெட்டிலிருந்து அந்தச் சிவப்புக் கயிற்றை எடுத்தார்.

“கையத் தூக்குங்க கோச்.”

தூக்கினேன். அவர் முட்டி போட்டு உட்கார்ந்து கயிற்றை என் இடுப்பில் சுற்றினார். ரோசி கோப்பியோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். குணா அண்ணன் தன் விரல்களை இடைவெளியில் படுக்க வைத்து, டாக்டர் மாதிரி தலையாட்டினார்.

“ரெண்டு வெரல்.”

“அவ்ளோதானா?”

“மூச்ச விடுங்க, சரியாப் பாப்போம்.”

விட்டேன்.

“இன்னும் விடுங்க.”

“இதுக்கு மேல விட்டா திரும்பி வராதுண்ணே,” என்றேன்.